கறுப்பு வளையம் இல்லாத அன்னம்

சன்னலோரத்தில் தாங்களே அமர்ந்துகொள்ளுங்கள், ஐயா. வெளியே பார்ப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. தாங்கள் அம்பாசமுத்திரத்தில் இறங்குவதாக நடத்துநரிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் பாபநாசம் வரை போகிறேன். இடையில் பேசிக்கொண்டு போவதில் தங்களுக்கு ஆட்சேபம் இராது என்று கருதுகிறேன்.

என் பெயர் நல்லசிவம். கோவில்பட்டிப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மற்றவையெல்லாம் கிளை நூலகத்தில் கற்றவை. இதைத் தாங்கள் கேட்கவில்லைதான். ஆயினும் என் பேச்சைக் கேட்கிறவர்கள் சற்று நேரத்தில் "ஐயா தமிழாசிரியரோ?" என்று வினவுவார்கள். ஆகவே முன்கூட்டியே விடை சொல்லிவிடுவது என் வழக்கம்.

இன்று அமாவாசை. பாபநாசத்துப் படித்துறையில் என் மகள் மங்கையர்க்கரசி நின்றுகொண்டிருப்பாள். ஐயர் என்னைப் பார்த்து, "இறந்தவங்க பேரு?" என்பார். நான் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவே வேலை. சொன்னால் அவள் என்னோடு வீட்டுக்கு வருவாள். சொல்லாவிட்டால் அங்கிருந்தே தென்காசிப் பேருந்தில் ஏறிவிடுவாள். அதன்பின் என் வாசற்படியை மிதிக்கமாட்டாள். கைபேசியில் அவள் உரைத்தது இதுதான்: "நான் எடுத்துக் குடுக்க மாட்டேம்ப்பா. நீங்களாத்தான் சொல்லணும்."

பெயர் எனக்குத் தெரியும். தெரியாதென்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது.

இதற்கெல்லாம் காரணம் ஒரு பொம்மைப் படம் என்றால் நம்புவீர்களா? குழந்தைகள் பார்க்கிறார்களே, வரைந்து வரைந்து ஓட்டுகிற படம், அதுதான். சேரன்மகாதேவி வருவதற்குள் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்நாளில் எங்கள் ஊர்க் கீற்றுக்கொட்டகையில் நான் விளம்பர அறிவிப்பாளன். மாட்டுவண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, தெருத்தெருவாக "இன்று இப்படம் கடைசி" என்று அறிவிப்பேன். கடைசி என்று சொல்லும்போது என் குரலில் ஒரு துயரம் இருக்குமாம். அதைக் கேட்டே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்படுவார்களாம். சொல்லக் கேள்வி.

ஒரு கோடை விடுமுறையில் முதலாளி சங்கரபாண்டியன் வெளிநாட்டுப் பொம்மைப் படமொன்றைக் கொண்டுவந்து இறக்கினார். பல தேசங்களில் புகழ்பெற்ற படம். முழுக்க ஆங்கிலம்.

"எய்யா நல்லசிவம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வரும். நீ திரைக்குப் பக்கத்துல நின்னு மைக்குல கதையச் சொல்லு" என்றார்.

"முதலாளி, எனக்கு ஆங்கிலம் தெரியாதே."

"வாத்துக்குத் தெரியுமாக்கும்? அது பேசலியா? நீயும் பேசு, போ."

வாத்து என்று அவர் சொன்னார். நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்னம் என்றே சொன்னேன். ஒலிவாங்கியைக் கையில் பிடித்துவிட்டு வாத்து என்று சொல்ல நாக்கு இடம் தருமா, ஐயா?

கதை இதுதான். ஒரு சதுப்பு நிலம். தாய் அன்னம் ஒன்று. அதன் கழுத்தில் கறுப்பு வளையம். அதற்கு ஒரே குஞ்சு. பனிக்காலம் வருகிறது. ஒரு வெடிச்சத்தம். பனியின்மேல் இறகுகள் விழுகின்றன. குஞ்சு நாணலுக்குள் ஒளிந்திருந்து வெளியே வருகிறது. கூப்பிடுகிறது. பிறகு ஒரு கிழக் கொக்கு வந்து அதனிடம் ஏதோ பேசுகிறது. குஞ்சு வளர்கிறது. கடைசியில் வசந்தம். வெள்ளை அன்னம் ஒன்று வானத்திலிருந்து இறங்கி அதன் பக்கத்தில் நிற்கிறது. வணக்கம்.

முதல் காட்சிக்கு முன் நான் அதைப் பார்த்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டே சொல்வதுதான் அந்தத் தொழில். மணல் தரையில் பிள்ளைகள். முன்னால் ஒரு மணைப்பலகையில் என் மகள். நாலு வயது. வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஆகவே அழைத்து வந்திருந்தேன். அவளுடைய தாய் செண்பகவல்லி அந்தப் பங்குனியில்தான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் தவறிப்போனாள். பிள்ளையிடம் சொல்லவில்லை. வைத்தியத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தோம்.

திரையில் வெடிச்சத்தம் கேட்டது. இறகுகள் விழுந்தன. குஞ்சு கத்தியது. கொட்டகையில் அத்தனை பிள்ளைகளும் திரையைப் பார்க்கிறார்கள். என் மகள் மாத்திரம் திரும்பி என்னைப் பார்க்கிறாள்.

"இடி இடித்தது, குழந்தைகளே" என்றேன். "இடிக்கு அஞ்சிச் சில இறகுகள் உதிர்ந்தன. தாய் அன்னம் வைத்தியத்துக்காகத் தூரதேசம் சென்றிருக்கிறது. கொக்குத் தாத்தா வந்து சொல்கிறார்: கலங்காதே, மகனே, மாம்பூ பூக்கும் காலத்தில் உன் அன்னை வருவாள்!"

வசந்தம் வந்தது. வெள்ளை அன்னம் இறங்கியது. "இதோ, வந்துவிட்டாள்!" என்று முழங்கினேன். கொட்டகை அதிர்ந்தது, ஐயா. அப்படி ஒரு கைத்தட்டல். முதலாளி அறைக்குள்ளிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

என் மகள் கைதட்டவில்லை. படம் முடிந்து வெளியே வரும்போது கேட்டாள்: "அப்பா, அந்த அம்மாவுக்குக் கழுத்துல கறுப்பு இருந்துச்சுல்லா? எங்க?"

"பனியில் கழுவிப் போயிற்று, மகளே."

இப்படிப்பட்ட வினாவுக்கு அந்தக் கணத்திலேயே விடை சொல்ல எத்தனை பேரால் முடியும்? சிந்தித்துப் பாருங்கள்.

கோடை முழுவதும் படம் ஓடியது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளெல்லாம் மாட்டுவண்டி கட்டி வந்தார்கள். இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் நடுவயதுக்காரர்களைக் கேளுங்கள். அந்தப் படத்தில் தாய் திரும்பி வந்தாள் என்றே சத்தியம் செய்வார்கள். அது என் படைப்பு.

சேரன்மகாதேவி வந்துவிட்டது. சற்றுக் காலை மடக்கிக்கொள்கிறேன், அந்த அம்மா இறங்கட்டும்.

செண்பகவல்லிக்கு ஒரு தங்கை உண்டு. சிறு வயதிலேயே தாய்மாமன் பம்பாய்க்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தாராவியில் வளர்த்தார். அக்காள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை, அம்மை வார்த்திருந்தது. அக்காளைப் போலவே நெற்றி, அதே நடை, அதே சிரிப்பு. அந்தக் கோடை முடிவதற்குள் பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம்தான். மூத்தவள் போனால், பிள்ளையை முன்னிட்டு இளையவளைக் கட்டிவைப்பார்கள். மாற்றாந்தாய் கையில் பிள்ளையைக் கொடுக்காமலிருக்க முன்னோர் கண்ட வழி. அவளைக் கேட்டார்களா என்று வினவுகிறீர்கள். அந்நாளில் அப்படியொரு வினாவே கிடையாது.

கோவிலில் வைத்துத் தாலி கட்டி அழைத்து வந்தேன். பிள்ளையை அன்றைக்கு மாத்திரம் அத்தை வீட்டில் விட்டிருந்தேன். வாசலில் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொட்டகையில் சொல்வேனே, அதே குரலில் சொன்னேன்:

"இதோ, வந்துவிட்டாள்!"

சுற்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒத்துழைத்தார்கள். ஊரார் நல்லவர்கள். அன்றிலிருந்து அவளும் செண்பகவல்லிதான். நானும் அப்படியே அழைத்தேன். ரேஷன் அட்டையில்கூடப் பெயரை மாற்ற வேண்டியிராமல் போயிற்று. எவ்வளவு அலைச்சல் மிச்சம்!

பிள்ளை அருகே வந்தாள். அவளுடைய வலது கையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். மூத்தவளுக்கு அந்த இடத்தில் ஒரு தீத்தழும்பு உண்டு. சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டியது. அந்தத் தழும்பின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் பிள்ளை தூங்குவாள்.

"வைத்தியத்தில் ஆறிவிட்டது" என்றேன்.

பிள்ளை கையை மெல்ல விட்டுவிட்டாள். திருப்தியடைந்தாள் என்று அறிந்துகொண்டேன்.

இளையவளைக் குறித்தும் சொல்ல வேண்டும். நல்லவள், ஆனால் கவனக்குறைவு அதிகம். பம்பாயில் ஸ்டவ் அடுப்பில் பழகியவள், விறகடுப்பு பிடிபடவில்லை. வந்த வாரத்திலேயே சுட்டுக்கொண்டாள். அதே வலது கை. அதே மணிக்கட்டு. இடம்கூடப் பிசகவில்லை. என்ன தற்செயல், பாருங்கள்! "கண்ணை எங்கே வைத்துக்கொண்டு சமைக்கிறாய்?" என்று கடிந்துகொண்டேன். அவள் சிரித்தாள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து புண்ணை ஊதிவிட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு மதியம் இருவரும் ஒரே பாயில் தூங்கினார்கள். பார்த்தீர்களா, என் யோசனை பலித்துவிட்டது.

கொட்டகைக்கும் ஒருநாள் வந்தாள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து முழுப்படத்தையும் பார்த்தாள். வீட்டுக்கு வந்தபிறகு, "இத நான் பம்பாய்ல, தாதர் தியேட்டர்ல பாத்திருக்கேன். அங்க வேற மாதிரில்லா இருந்துச்சு?" என்றாள்.

"அங்கே விளக்கம் சொல்ல ஆள் இல்லை" என்றேன்.

"ஆமா. அதான்" என்றாள். அதன்பிறகு அவள் அந்தப் படத்துக்கு வரவில்லை.

குறை என்று ஒன்றுமில்லாத வாழ்க்கை, ஐயா. வேறு பிள்ளைகள் பிறக்கவில்லை. அவள் பீடி சுற்றினாள், தையல் கற்றுக்கொண்டாள். மகள் அரசியைப் படிக்கவைத்ததில் அவளுக்கும் பங்குண்டு. வீட்டில் எனக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? நான் வாசலில் செருப்பைக் கழற்றித் தொண்டையைச் செருமுவேன். ஒலிவாங்கிக்கு முன் நின்ற பழக்கம். உள்ளே அதுவரை சிரிப்பும் பேச்சுமாக இருப்பவர்கள் உடனே அடங்கிவிடுவார்கள். நான் உள்ளே போகும்போது, "அம்மா, அப்பா வந்தாச்சு" என்பாள் மகள். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

வீரவநல்லூர். இங்கே சற்று நேரம் நிற்பான்.

சென்ற மாதம் இளையவள் காலமானாள். சிறுநீரகம். பத்து நாள் படுக்கை. மகள் வந்திருந்தாள். அவள் மருந்து வாங்கப் போயிருந்த ஒரு முற்பகல், இவள் என்னை அருகே அழைத்தாள்.

"ஒரு தடவ எம் பேரச் சொல்லிக் கூப்பிடுங்களேன்."

குனிந்து, காதருகே, திருத்தமாக அழைத்தேன்: "செண்பகவல்லி."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். மறுநாள் போய்விட்டாள். திருப்தியோடுதான் போனாள்.

பதினாறாம் நாள் காரியம் நடந்தது. எனக்கு மகன் இல்லை, நானே உட்கார்ந்தேன். ஐயர் பெயர் கேட்டார். சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். எழுந்து திரும்பினால், பின்னால் மகள் ஈரத் தலையோடு நிற்கிறாள்.

"செண்பகவல்லி அம்மாவுக்கு இது ரெண்டாந்தடவைப்பா. இவங்களுக்கு இன்னும் ஒண்ணுமே போய்ச் சேரல."

களைப்பில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த நாட்களில் எதுவுமே தோன்றவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், நானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். இட்லி வைத்தார்கள், சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, மதியம். மகள் வயிற்றுப் பேத்தி ஒருத்தி, கல்லூரி மாணவி. என்னைத் தேற்றுவதாக எண்ணி, தொலைக்காட்சியில் ஏதோ இணைத்து அந்தப் படத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது தமிழிலேயே கிடைக்கிறதாம்.

"தாத்தா, நீங்க இந்தப் படத்துல இருந்தீங்களாமே?"

"இருந்தேன்."

"எந்த வாத்து?"

மகளும் சிரித்துவிட்டாள். துக்க வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு. நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். பல்லாண்டுகளுக்குப்பின் என் படத்தைப் பார்க்கப்போகிறேன் அல்லவா?

அதே சதுப்பு நிலம்தான். கொட்டகைத் திரையில் எல்லாம் பழுப்பாகத் தெரியும். இதில் நாணல் பச்சையாக இருந்தது. அது ஒன்றுதான் நன்றாக இருந்தது. மொழியோ, சொல்லத் தரமில்லை. எடுத்த எடுப்பில் வாத்து என்கிறார்கள். என் இடத்தில் வேறு யாரோ நின்று பேசுவதுபோல இருந்தது.

வெடிச்சத்தம் வந்தது. இறகுகள் விழுந்தன. என் வாய் தானாகவே "இடி" என்றது. பேத்தி திரும்பி, "இடி இல்ல தாத்தா, துப்பாக்கி" என்றாள். கொக்கு வந்தது. குஞ்சு, "அம்மா எப்ப வருவாங்க?" என்கிறது. அந்தக் கிழக் கொக்கு, "வரமாட்டாங்கடா கண்ணு. நீ பறக்கக் கத்துக்கணும்" என்கிறது. இவ்வளவு பச்சையாகவா ஒரு பிள்ளையிடம் சொல்வார்கள்?

நடுவில் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கடைசிக் காட்சி என் காட்சி அல்லவா? அதையாவது சரியாகச் செய்திருப்பார்கள் என்று காத்திருந்தேன்.

வெள்ளை அன்னம் இறங்கியது. கழுத்தில் வளையம் இல்லை. குஞ்சு, இப்போது வளர்ந்த பறவை, "அம்மாவா?" என்று கேட்கிறது. அதற்கு அது, "இல்ல. நான் வேற. எங் கூட்டத்த விட்டுட்டு வந்தவ. உம் பக்கத்துல இருந்துக்கட்டுமா?" என்கிறது. பிறகு தன் பெயரைச் சொல்கிறது. அதற்கு ஒரு பெயர் உண்டாம், ஐயா. அந்தக் கோடை முழுவதும் நாள்தோறும் அது தன் பெயரைச் சொல்லியிருக்கிறது. நான் அதன்மேல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வெட்டிவிட்டார்கள்" என்றேன். "எங்கள் படச்சுருளில் தாய் திரும்பி வந்தாள். பிற்பாடு யாரோ வெட்டி மாற்றியிருக்கிறார்கள்."

"சுருள்ல இல்லப்பா" என்றாள் மகள். "அது உங்க வாயிலதான் இருந்துச்சு."

அவள் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேத்தியை உள்ளே போகச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிக்கொண்டுபோனாள்.

"கரண்டியப் பழுக்கக் காய்ச்சி அவங்களேதாம்ப்பா வச்சுக்கிட்டாங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன். கத்தக்கூட இல்ல. எனக்குப் பயமாப்போச்சு. ஓடிப்போயி ஊதுனேன். அப்பவே எங்கிட்டச் சொல்லிட்டாங்க. 'நான் உங்க அம்மா இல்லட்டி. உங்க அம்மைக்குத் தங்கச்சி. எம் பேரு இது'ன்னு. 'அப்பாகிட்டச் சொல்லிராத. அவுக ரொம்ப ஆசையாச் சொல்லுதாக, பாவம்'ன்னு. நீங்க இல்லாதப்பல்லாம் சித்தின்னுதான் கூப்பிடுவேன். நீங்க வாசல்ல செருமுவீங்கள்ல, அப்ப மாத்திக்குவோம்."

"இத்தனை வருடமுமா?" என்று கேட்டேன்.

"பழகிருச்சுப்பா."

ஆக, அந்த வீட்டில் கதையை நம்பியவன் நான் ஒருவன்தான் என்கிறாள். அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.  மகள் காபி கொண்டுவந்தாள். குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

அதன்பின்தான் அந்த நிபந்தனை. அடுத்த அமாவாசைக்குப் பாபநாசம். சித்தியின் சொந்தப் பெயரில். என் வாயால்.

என் விளக்கத்தில் பிழை இருந்ததாக நான் இன்றளவும் கருதவில்லை. அழுகிற பிள்ளைகளை அழவிடாமல் வீட்டுக்கு அனுப்பினேன். கேட்டால் முதலாளி சொல்லியிருப்பார். ஆனால் ஒரு சங்கடம். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன். தொண்டையைச் செருமுகிறேன், வாயைத் திறக்கிறேன். பழைய பெயர்தான் வருகிறது. தாலி கட்டும்போது அவளுடைய மாமன் அந்தப் பெயரைச் சொன்னார், நன்றாக நினைவிருக்கிறது. அதன்பிறகு அதை நான் உச்சரித்ததே இல்லை. மேடை ஏறும்முன் ஒருமுறை சோதித்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஒலிவாங்கியைத் தட்டி, கடைசி வரிசையில் இருப்பவரைக் கேட்போம்.

கல்லிடைக்குறிச்சி போய்விட்டது. ஆறு தெரிகிறது. தாங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள்.

"அம்பாசமுத்ரம் எல்லாம் எறங்கு! பெருசு, அந்த சாருக்கு வழி விடும்."

விடுகிறேன், நடத்துநர் தம்பி. ஒரு நொடி நிறுத்து. ஐயா, படியில் சற்று நில்லுங்கள், கடைசி வரிசைக்கு அந்த இடம் போதும். இப்போது வசந்தகாலம். வெள்ளை அன்னம் இறங்கி வந்து நிற்கிறது. கழுத்தில் வளையம் இல்லை. யார் நீ என்று குஞ்சு கேட்கிறது. அது சொல்கிறது...

சீனியம்மாள்.

வண்டி இரைகிறது, ஐயா. அங்கே கேட்டதா?